கடல் பார்த்த அறை

எங்கள் ஊரில் இன்றைக்குக் கீற்றுக் கூரை போட வசதி உள்ளவர்கள் ரிசார்ட்டுக்காரர்கள் மட்டும்தான். குப்பத்தில் எல்லாம் கான்கிரீட். என் தம்பி வீட்டுக் கூடத்தில் வழவழவென்று டைல்ஸ், வாசல் தூணுக்குக் கிரானைட், மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி. கிழக்குக் கடற்கரைச் சாலையோரம், சவுக்குத் தோப்புக்குள் இருக்கிற ரிசார்ட்டுக்குப் போனால் மூங்கில் தட்டி, தென்னங்கீற்று, சாணி மெழுகியது போலத் தெரியும்படி பாடுபட்டுப் பூசிய சிமெண்டுத் தரை, அரிக்கேன் விளக்குக்குள் மின்சார பல்பு. வாசலில் ஒரு கட்டுமரத்தைப் போட்டு அதன்மேல் செம்பருத்தித் தொட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். அங்கே ஓர் இரவு தங்குகிற காசுக்குத் தம்பியின் மாடி அறையில் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் அறையைப் பார்க்க வருகிறவர்கள், "எங்க ஃபிளாட் மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். ரொம்ப நாள் வரைக்கும் அவன் அதைப் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

மாமல்லபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கல். அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம், வெண்ணெய் உருண்டைப் பாறை, கடற்கரைக் கோயில். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் அந்தக் கற்களைத்தான். கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் ஒரு மீனவர் குப்பம் இருப்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கே பிறந்த எங்களுக்குக் கோயில் என்பது கடலிலிருந்து பார்க்கிற குறி. கோயில் விமானத்தையும் குன்றின்மேல் இருக்கிற கலங்கரை விளக்கத்தையும் வைத்து மனசுக்குள் ஒரு கோடு. தெற்கே ஒரு பனங்கூட்டத்தையும் அதற்குப் பின்னால் தெரிகிற மேட்டையும் வைத்து இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் கடலுக்கடியில் பாறைத்திட்டு இருக்கும், நாங்கள் பார் என்போம்; பாரில் மீன் இருக்கும். அந்தக் கணக்கு அப்பாவின் தலைக்குள் இருந்தது. இப்போது ஜிபிஎஸ் கருவியில் இருக்கிறது. எப்படியானாலும் பல்லவன் கட்டிய கோயிலை வைத்துப் பிழைத்தவர்கள் என்று வரிசை போட்டால், கைடுகளுக்கு முன்னால் நாங்கள் நிற்போம்.

அன்றைக்கு எங்கள் வீடு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கடலை யாராவது உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்களா? அது வேலைக்குப் போகிற இடம். விடியற்காலையில் அப்பா வீட்டுக்குப் பின்னால் போய் நிற்பார். வாடையா, கச்சானா, தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கிறது, மரம் தள்ளலாமா கூடாதா என்று இரண்டு நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டுத் திரும்பிவிடுவார். சூரியன் உதிக்கிற நேரத்தில் அவர் கிழக்கே நின்ற நாட்கள் உண்டு. சூரியனைப் பார்த்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. முதல் வரிசை வீட்டுக்குப் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். கூரை நிற்காது, உப்புக் காற்றில் இரும்பு ஒன்றும் தங்காது, புயல் வந்தால் முதல் அலை அங்கேதான். மேற்கே தள்ளி, ரோட்டுப் பக்கம் வீடு வைத்திருந்தவர்கள்தான் கௌரவமானவர்கள். இப்போது முதல் வரிசையில் மனை வைத்திருப்பவர்களைத் தேடிக்கொண்டு போனால் வீட்டில் இருக்க மாட்டார்கள். பங்காளிகளோடு கோர்ட்டில் இருப்பார்கள்.

கடலோரம் இன்னொரு காரியத்துக்கும் பயன்பட்டது. பழைய நாளைப் பற்றி உருகுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள். இருட்டு பிரிவதற்கு முன் பெண்கள் ஒரு பக்கம், விடிந்த பிறகு ஆண்கள் இன்னொரு பக்கம், பிள்ளைகளுக்கு எல்லை கிடையாது. மிச்சத்தை அலை பார்த்துக்கொள்ளும். இன்று அதே மணலில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவத்தி ஏற்றி, புதுசாகக் கல்யாணமானவர்களை எதிரெதிரே உட்கார வைத்து மீன் பரிமாறுகிறார்கள். அவர்கள் காலைச் செருப்பிலிருந்து எடுத்து மணலுக்குள் புதைத்துக்கொண்டு கண்ணை மூடும்போது இடத்தின் சரித்திரத்தைச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுக்கும். தம்பி கண்ணாலேயே அடக்கிவிடுவான்.

வெள்ளைக்காரர்கள் எங்களுக்குப் புதியவர்கள் இல்லை. ஆயாவின் சின்ன வயதில் துரைமார் சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகேறி வந்து கல்லைப் பார்த்துவிட்டுப் போவார்களாம். விறகும் உப்பும் போய்க்கொண்டிருந்த கால்வாய் அது. எழுபதுகளில் வந்தவர்கள் வேறு மாதிரி: தலைமுடியும் தாடியும் வளர்த்த பையன்கள், கணுக்கால் வரை கந்தல் பாவாடை கட்டிய பெண்கள், எல்லோருக்கும் தோளில் ஒரு மூட்டை. லாட்ஜுக்குப் போகாமல் குப்பத்துக்குள் வந்து, திண்ணையில் படுக்க இடம் கேட்டார்கள். பாயில் படுத்தார்கள், கையால் சாப்பிட்டார்கள், கிணற்றில் இறைத்துக் குளித்தார்கள். ஆயா அவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பாவம்டா, அவுங்க ஊர்ல பஞ்சம் போலருக்கு." அன்று ராத்திரி அவர்களுக்குக் கஞ்சியும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். போகும்போது ஒருவன் ரூபாய் நீட்டினான். அப்பா வாங்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். எங்கள் குடும்பத்தின் ஓட்டல் தொழில் அங்கே ஆரம்பித்தது.

வீட்டில் கல்லூரி வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால், போர்டு எழுதுகிற வேலை எனக்கு வந்தது. முதல் போர்டு மீன் பெட்டிப் பலகையில், சுண்ணாம்பால். அப்புறம் தபால் இலாகாவில் வேலை கிடைத்து நான் ஊர் ஊராகப் போய்விட்டேன். லீவில் வரும்போதெல்லாம் ஒரு போர்டு காத்திருக்கும். அறை வாடகைக்கு. சைக்கிள் வாடகைக்கு. கடல் பார்த்த அறை. வெந்நீர் உண்டு. ஆயுர்வேத எண்ணெய்க் குளியல். இந்தக் கடைசியை எழுதும்போது, "யாருடா வைத்தியர்?" என்று கேட்டேன். "எழுதுண்ணே, பாத்துக்கலாம்" என்றான் தம்பி.

அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்களுக்கு மீன் விற்கப் போவாள். காசு இல்லாத வீட்டில் நெல்லோ கேழ்வரகோ கொடுப்பார்கள். விற்காத மீன் மறுநாள் கருவாடு. வீட்டுக்கு முன்னால் மணலில் நெத்தலியும் காரைப்பொடியும் காய்ந்துகொண்டிருக்கும். காக்கா ஓட்டுவது எங்கள் வேலை. அந்த வாசனை எங்கள் சட்டையோடு பள்ளிக்கூடத்துக்கும் வரும். வகுப்பில் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் உண்டு. இப்போது தம்பி மொட்டை மாடியில் நடத்துகிற ஓட்டலில் நெத்தலி வறுவல் ஒரு தட்டுக்குச் சொல்கிற விலையைக் கேட்டால் அம்மா கூடையை இறக்கிவைத்துவிடுவாள். கடம்பா என்கிற கணவாயைத் தூண்டில் இரையாகக் குத்துவோம். சம்பந்தி வீட்டு விருந்தில் வைத்தால் கல்யாணம் நின்றுபோகும். இன்றைக்கு அதை வளையம் வளையமாக வெட்டி, மாவில் முக்கிப் பொரித்து, எலுமிச்சம்பழத் துண்டோடு கொண்டுபோய் வைக்கிறார்கள். வஞ்சிரம் மட்டும் பல நாள் காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வேனில் வருகிறது. "இன்னிக்கு உங்க போட்ல பிடிச்சதா?" என்று கேட்கிறவர்களிடம் தம்பி பொய் சொல்வதில்லை. கடலைப் பார்த்துச் சிரிப்பான். இதற்கிடையில் பக்கத்து வீட்டில் ஒரு கிழவி முற்றத்தில் கருவாடு காயப்போடுகிறாள். அறையில் தங்கியிருப்பவர்கள் வாடை தாங்கவில்லை என்று புகார் சொல்கிறார்கள். மீனவ கிராமத்தைப் பார்க்கவென்று வந்தவர்கள்தான்.

2004 டிசம்பர் 26 பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது வழக்கமாகத் தெரியாத பாறை வரிசை தெரிந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அலை வடிந்தபின் கரையோரம் மணல் அரித்துப்போய், மூடிக்கிடந்த செதுக்கிய பாறைகள் வெளியே வந்தன. 2005-இல் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. எங்கள் வீடுகளுக்குள் மண்ணை வாரிக் கொட்டிய கடல், சிற்பத்தின் மேலிருந்த மண்ணை வாரிக்கொண்டு போயிருந்தது. அடுத்த சில மாதங்களில் ஊருக்கு வந்தவர்கள் முதலில் கேட்டது எதைப் பார்க்க என்று சொல்ல வேண்டியதில்லை. நிவாரணமாக வந்தவற்றில் எல்லோரும் கேட்டு வாங்கியது ஃபைபர் படகு. நல்லதுதான்; கட்டுமரத்தில் இடுப்புவரை தண்ணீரில் நனைந்துகொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கட்டுமரம் ஓட்டத் தெரிந்தவர்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். கட்டுமரம் ரிசார்ட்டுக்குப் போய்விட்டது.

கோயிலைக் காப்பாற்றிய கதை ஒன்று இருக்கிறது. அலை அடித்து அடித்துக் கடற்கரைக் கோயில் கரைந்துவிடும் என்று சுற்றிலும் பாறாங்கல்லைக் கொட்டினார்கள். கோயில் நின்றது, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கரையில் மணல் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தெற்கேயிருந்து காற்றடிக்கிற மாதங்களில் வடக்கே போகும், வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும். வருஷக் கணக்கு போட்டால் வடக்கே போவதுதான் மிச்சம். நடுவில் கல்லைப் போட்டு மறித்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கடல் தின்னும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதே கணக்கில்தான். எங்கள் குப்பம் கோயிலுக்கு வடக்கே இருக்கிறது. படகு இழுத்துப் போட இருந்த மணல் வருஷத்துக்கு வருஷம் குறுகுகிறது என்று குப்பத்தில் சொன்னால், "கோயில் முக்கியமா, படகு முக்கியமா?" என்று கேட்கிறார்கள். கேட்கிற விதத்திலேயே பதில் இருக்கிறது.

அந்தக் கோயில் மணலில்தான் சின்ன வயதில் ஆடு கட்டினோம், மதிய வெயிலுக்கு ஒதுங்கினோம், கண்ணாமூச்சி ஆடினோம். இப்போது சுற்றிலும் வேலி, புல்தரை. உள்ளே போக இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. அதைவிட ஆச்சரியம் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கிக் கட்ட வேண்டும். 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, பெரிய அலை ஏறுகிற கோட்டிலிருந்து 500 மீட்டரைத் தனியாக அளந்து வைத்தது. இரண்டு வட்டத்துக்குள்ளும் மாட்டிக்கொண்ட மனை எங்களுடையது. அதில் மாடி எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். தம்பியைப் பொறுத்தவரை அங்கே எதையும் புதுசாகக் கட்டவில்லை. கீற்றுக் கூரையைப் பழுது பார்த்தான்; பழுது பார்க்கப் பார்க்க இரண்டு மாடி ஆகிவிட்டது.

அடுத்து அலை. எங்கள் காலத்தில் உடைந்த கட்டுமரத் துண்டை எடுத்துக்கொண்டு போய், எழும்புகிற அலையில் குப்புறப் படுத்துக் கரை வரை வருவது பையன்களின் விளையாட்டு. அம்மா பார்த்துவிட்டால் துடுப்பாலேயே அடி விழும். படிக்காத பிள்ளை செய்கிற வேலை அது. இப்போது தம்பி மகன் அதையே நின்றுகொண்டு செய்கிறான், காசு வாங்கிக்கொண்டு மற்றவர்களுக்கும் சொல்லித் தருகிறான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள் அவனை "கோச்" என்று கூப்பிட்டு, அவன் திட்டுவதைக் கைகட்டிக் கேட்கிறார்கள். குப்பத்துப் பையன்கள் தேசியப் போட்டிகளில் ஜெயிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப்பே இங்கே நடந்தது. கடலுக்குப் போகாதே, படி என்று என்னை விரட்டினார்கள். நான் தபால் முத்திரை குத்தி ஓய்வு பெற்றேன். கடலை விட்டுப் போகாதவன் படம் பத்திரிகையில் வருகிறது.

அதே பையன்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதற்கு ஃபீஸ் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வரும். கடலைப் பார்த்ததும் இறங்குவார்கள், எச்சரிக்கைப் பலகைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். காலுக்கடியில் மணல் இழுப்பது தெரியாது. யாரோ கத்துவார்கள். முதலில் ஓடுவது குப்பத்துப் பையன்கள்தான். சில தடவை ஆளோடு வருவார்கள். சில தடவை மறுநாள்தான் கிடைக்கும். முன்பெல்லாம் கடல் எங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது.

2019 அக்டோபரில் சீன அதிபர் வந்தார். அதற்கு முந்தின நாட்களில் எங்கள் ஊரை எங்களுக்கே அடையாளம் தெரியவில்லை. ரோடு போட்டார்கள், சுவருக்கு வர்ணம் அடித்தார்கள், ஐந்து ரதம் பக்கத்தில் பழத்தாலும் காய்கறியாலும் பெரிய வளைவு வைத்தார்கள். கடைகளை மூடச் சொன்னார்கள். குப்பங்களில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்றார்கள். கரையில் இருந்தபடி கடற்படைக் கப்பல்களை வேடிக்கை பார்த்தோம். அப்பாவின் பிள்ளைகள் முதன்முதலாகக் கடலைச் சும்மா உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான். 11-ஆம் தேதி பிரதமர் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பெர்முடா டிரவுசர் போட்டிருந்த தம்பி மகன் அதை டிவியில் பார்த்து, "சூப்பரா இருக்கு இல்ல?" என்றான். இரண்டு தலைவர்களும் வெண்ணெய் உருண்டைப் பாறை முன்னால் கையைக் கோத்து உயர்த்திக்கொண்டு நின்றார்கள். மறுநாள் காலையில், கோவளத்தில் தங்கியிருந்த பிரதமர் வெறுங்காலோடு கடற்கரையில் குப்பை பொறுக்கினார். ஒரு வாரமாகக் கூட்டிக் கூட்டி ஊர் பூராவும் ஒரு பீடித் துண்டு இல்லாமல் ஆக்கியிருந்தார்களே, அவருக்கென்று குப்பையை யார் மிச்சம் வைத்தது என்பதுதான் குப்பத்தில் கொஞ்ச நாளைக்குப் பேச்சு.

2022-இல் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதே வருஷம் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் புள்ளிவிவரம் வந்தது: 2021–22-இல் கட்டணம் வாங்குகிற சின்னங்களில் வெளிநாட்டவர் அதிகம் பார்த்தது மாமல்லபுரம். 1,44,984 பேர். தாஜ்மகாலுக்கு வெறும் 38,922. தம்பி எனக்குப் போன் செய்தான். "தாஜ்மகாலையே தோக்கடிச்சிட்டோம்ணே!" அந்தக் கொரோனா வருஷத்தில் அவனுடைய அறைகள் அனேகமாகப் பூட்டியே கிடந்தன. ஒன்றரை லட்சம் வெளிநாட்டவர் எங்கே படுத்தார்கள் என்று கேட்டேன். "அது தெரியாது. ஆனா போர்டுல போட்டுக்கலாம் இல்ல?" என்றான்.

மாசி மகத்துக்கு இருளர்கள் வருவார்கள். இது நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நடக்கிறது. செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரை மணலில் நாலு குச்சி நட்டு, பழைய புடவையைச் சுற்றிக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். அங்கேயே அடுப்பு, அங்கேயே தூக்கம், ராத்திரி பூரா பாட்டும் ஆட்டமும். பௌர்ணமி விடியலில் மணலில் ஏழு படி கட்டிக் கன்னியம்மனுக்குப் படைப்பார்கள். நிச்சயதார்த்தமும் கல்யாணமும்கூட அங்கேதான். முடிந்ததும் புடவையை அவிழ்த்து மடித்துக்கொண்டு போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களை யாரும் சுற்றுலாப் பயணிகள் கணக்கில் சேர்த்ததில்லை. அறை கேட்டு எங்கள் படியேறியதும் இல்லை. எங்கள் ஆயா காலத்துக்கும் இன்றைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் இந்தக் கரைக்கு வந்து போகிறவர்கள் அவர்கள் மட்டும்தான்.

போன மாசி மகத்தன்று தம்பி வீட்டு மாடியில் ஒரு பிரெஞ்சுத் தம்பதி தங்கியிருந்தார்கள். ராத்திரி முழுக்க நிலா வெளிச்சத்தில் அந்தக் கூடாரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, காலையில் கீழே வந்து, அது எந்த ரிசார்ட்டின் ஏற்பாடு, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று விசாரித்தார்கள். அது சாமி கும்பிட வந்தவர்கள், ரிசார்ட் இல்லை என்று தம்பி பொறுமையாக விளக்கினான். ரொம்ப வருத்தப்பட்டுக்கொண்டு மேலே போனார்கள்.

தம்பி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறிப்போய், தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில் காலால் அடி வைத்து அளந்தான். கீழே இறங்கி வந்து அம்மாவின் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தான்.

"அண்ணே, புடவை நாலு போதுமா, அஞ்சு வேணுமா? நீ போர்டை எழுதிடு."